காற்றில் வரும் அரிப்பு

காதுமடலுக்குப் பின்னால் வெயில் படுவதில்லை. மோவாய்க்குக் கீழே கழுத்து மடியும் இடத்திலும் படுவதில்லை. கண் திறந்திருக்கும்போது மேல் இமையின் மடிப்புக்குள்ளும் படுவதில்லை. தருமபுரி மாவட்டம் ஏரியூர்ப் பக்கமிருந்து ஐம்பது வயது விவசாயி ஒருவர், முகமெல்லாம் கருத்துத் தடித்து, சொறிந்த இடங்களில் நீர் கசிய, தோல் மருத்துவர் முன்னால் வந்து உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம். "வெயில் ஒத்துக்கலைங்க" என்பார். அவர் அப்படி நினைப்பதில் தவறில்லை. சட்டைக்கு வெளியே தெரியும் இடங்களில்தானே அத்தனை அரிப்பும்! அனுபவமுள்ள மருத்துவர் பதில் பேசாமல் அவருடைய காதுமடலை முன்னால் மடித்துப் பார்ப்பார். அங்கேயும் தடிப்பு இருந்தால் பழியை வெயில் மேல் மட்டும் போட முடியாது. நிழலுக்குள்ளும் நுழையக்கூடிய ஏதோ ஒன்றைக் காற்று கொண்டுவந்து அங்கே படியவைத்திருக்கிறது. அவருடைய அடுத்த கேள்வி அநேகமாக இதுவாகத்தான் இருக்கும்: "வயல்ல, வரப்புல பார்த்தீனியம் இருக்குதா?"

ஏரியூரில் இந்தக் கேள்விக்கு இல்லை என்று சொல்வது கடினம். பென்னாகரம் வட்டத்தில், மேட்டூர் அணையின் நீர்ப்பிடிப்புப் பகுதியை ஒட்டிக் கிடக்கும் ஊர்கள் இவை. ராகி, சாமை, நிலக்கடலை, துவரை என்று பெரும்பாலும் மழையை நம்பிய வெள்ளாமை. அணையில் நீர் இறங்கும் மாதங்களில், நாகமரைப் பக்கம் காவிரி விட்டுச்சென்ற வண்டல் நிலத்திலும் ஏர் இறங்கும். அறுப்பு முடிந்து அடுத்த விதைப்பு வரும்வரை மானாவாரி நிலம் மாதக்கணக்கில் சும்மா கிடக்கும். சாலையோரம், ஏரிக்கரை, பள்ளிக்கூட வேலி, மாட்டுக்கொட்டகையின் பின்புறம் என்று யாரும் திரும்பிப் பார்க்காத இடங்களும் நிறைய. பார்த்தீனியம் கேட்பது அவ்வளவுதான்: கிளறிவிட்ட மண், கொஞ்சம் ஈரம், கவனிப்பாரற்ற ஒரு மூலை.

முளைத்த சில வாரங்கள் அது தரையோடு தரையாக இலை விரித்துக் கிடக்கும். கேரட் இலைபோல ஆழமாக வெட்டுப்பட்ட இலைகள். சாமந்தி நாற்று என்றுகூடத் தோன்றும். பிறகு நடுவிலிருந்து தண்டு எழும், கிளை விடும், நிலம் நன்றாக இருந்தால் இடுப்பு உயரத்தையும் தாண்டும். முளைத்து ஒன்று, ஒன்றரை மாதத்துக்குள் வெள்ளைப் பூக்கள் வந்துவிடும். ஒரு செடி 15,000 முதல் 25,000 விதைகள் வரை தரும். ஒவ்வொரு விதையோடும் காய்க்காத இரண்டு குட்டிப் பூக்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்குள் இருக்கும் காற்று விதையைத் தண்ணீரில் மிதக்க வைக்கிறது. மழைநீர் எங்கெல்லாம் ஓடுகிறதோ அங்கெல்லாம் விதை போகும். லாரிச் சக்கரத்துச் சேற்றிலும், சரியாக மக்காத எருவிலும், மாட்டின் குளம்பிலும் போகும். மண்ணுக்குள் புதைந்தால் பல ஆண்டுகள் உயிரோடு காத்திருக்கும். போதாததற்கு, இதன் வேரும் இலையும் மண்ணில் விடும் வேதிப்பொருள்கள் பக்கத்தில் விழுந்த மற்ற விதைகளை முளைக்கவிடாமல் தடுக்கின்றன.

மெக்சிகோ வளைகுடாவைச் சுற்றியுள்ள வெப்பநாடுகள் இதன் தாயகம். இந்தியாவுக்கு எப்படி வந்தது என்று கேட்டால், பி.எல். 480 என்ற உணவு உதவித் திட்டத்தில் வந்த அமெரிக்கக் கோதுமையோடு கலந்து வந்தது என்றே எல்லாரும் சொல்வோம். ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்தக் கதை கொஞ்சம் தள்ளாடுகிறது. புனேயில் குப்பைமேடுகளுக்கு நடுவே இச்செடியை 1951இல் பேராசிரியர் பராஞ்சபே பார்த்திருக்கிறார், 1956இல் ஆர். எஸ். ராவ் அதை முறையாகப் பதிவுசெய்தார். பி.எல். 480 சட்டம் அமெரிக்காவில் இயற்றப்பட்டது 1954இல். இந்தியாவுடன் ஒப்பந்தம் ஆனது 1956இல். அதற்கும் முன்னால், 1814இல் வெளியான கல்கத்தா தாவரவியல் பூங்காவின் செடிப் பட்டியலிலேயே ராக்ஸ்பர்க் இதன் பெயரைக் குறித்திருக்கிறார். ஐம்பதுகளில் வந்த தானியம் இதை நாடெங்கும் பரப்பியிருக்கலாம். முதல் நுழைவு அதற்கும் முந்தியது. இலங்கையில் வவுனியாப் பக்கம் இது பரவியதற்கு, 1987இல் வந்த இந்திய அமைதிப்படையின் உணவுக்காகக் கொண்டுசெல்லப்பட்ட ஆடுகள் காரணமாக இருக்கலாம் என்று அங்குள்ள தாவரவியலாளர்கள் எழுதியிருக்கிறார்கள். தானியமோ ஆடோ, மனிதனின் மூட்டையோடுதான் இது கடல் தாண்டியிருக்கிறது.

புனேயில் செடி பரவிய சில ஆண்டுகளிலேயே தோல் மருத்துவர்களிடம் ஒரே மாதிரியான நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். வெளியில் வேலைசெய்யும் நடுவயது ஆண்கள். முகம், கழுத்து, முழங்கை மடிப்பு, முழங்கால் பின்புறம் எல்லாம் தடித்து, வீங்கி, வெடித்திருந்தன. மழைக்காலத்தில் ஏறும், ஊரைவிட்டு வேறெங்காவது போனால் இறங்கும். லோன்கர், மிச்செல், கால்னன் ஆகிய மூவர் 1974இல் எழுதிய கட்டுரை இதை உலக மருத்துவர்களின் கவனத்துக்குக் கொண்டுசென்றது. உடல் முழுவதும் பரவி, உயிரே போன சில நேர்வுகளும் புனேயிலிருந்து பதிவாகின. ஒரு களைச்செடி, தின்னாமல், குத்தாமல், தொடக்கூடச் செய்யாமல் இப்படி ஒரு காரியத்தைச் செய்ய முடியும் என்பது அன்று பலருக்கு நம்பக் கடினமாக இருந்திருக்கும்.

செடி பட்டுத் தோல் தடிப்பது நம் ஊர்க்காரர்களுக்குப் புதிய செய்தி அல்லதான். ஆடு மேய்க்கப் போனவர் எல்லாருக்கும் செந்தட்டி தெரியும். காஞ்சொறி என்றும் சொல்வார்கள். அதன் ஒவ்வொரு முடிக்குள்ளும் கால்சியம் ஆக்சலேட் படிகத்தாலான ஊசி ஒன்று இருக்கிறது. தோலைக் கிழித்து எரிச்சலூட்டும் சாற்றை உள்ளே விடுகிறது. பூனைக்காலிக் காயின் பொன்னிற முடி இன்னும் விசித்திரமானது. அதில் மியூக்குனைன் என்ற நொதி இருப்பதை 1955இலேயே கண்டுவிட்டார்கள். அது அரிப்பை எப்படி உண்டாக்குகிறது என்று தெளிவானது 2008இல்தான்: அரிப்பை உணரும் நரம்பின் நுனியிலுள்ள ஒரு புரதத்தை அந்த நொதி வெட்டி முடுக்கிவிடுகிறது. நாம் வழக்கமாக அரிப்புக்கு விழுங்கும் மாத்திரை தடுப்பது ஹிஸ்டமின் என்ற பொருளை. பூனைக்காலி அந்த வழியே போவதில்லை. மாத்திரை கேட்காததில் வியப்பில்லை. இந்த இரண்டு செடிகளும் யாரைத் தொட்டாலும் உடனே எரியும், அரிக்கும். சில மணிநேரத்தில் அடங்கும். தேய்க்காமல், ஒட்டுநாடாவை வைத்து எடுத்து முடிகளை நீக்கிவிட்டுக் கழுவினால் பெரும்பாலும் போதும்.

சேரான் மரத்தின் விஷயம் வேறு. அதன் கொட்டையான சேங்கொட்டையின் கருஞ்சாறு பட்ட இடத்தில் சிலருக்கு ஒன்றும் ஆகாது. சிலருக்கு ஓரிரு நாள் கழித்து முகமே வீங்கிக் கொப்புளம் எழும். மாவும் முந்திரியும் இதே குடும்பம். மாம்பழக் காம்பின் பால் பட்டு வாயோரம் வெந்துபோவது கிருஷ்ணகிரி, தருமபுரித் தோப்புகளில் வேலைசெய்கிறவர்களுக்குப் பழக்கமானது. பண்ருட்டியில் முந்திரி உடைக்கும் பெண்களின் விரல்களைக் கருக்குவதும் இதே வகை எண்ணெய். அமெரிக்கர்கள் அஞ்சும் விஷப்படர்கொடியும் இந்தக் குடும்பத்தில்தான் இருக்கிறது. இரண்டாம் உலகப்போரின்போது இந்தியாவுக்கு வந்த அமெரிக்கப் படையினர் சிலருக்குக் கழுத்தில் வட்டமாகத் தடிப்பு வந்தது. சலவைத் தொழிலாளர்கள் துணியை அடையாளம் காண இட்ட சேங்கொட்டைக் குறிதான் காரணம் என்று 1943இல் கண்டுபிடித்தார்கள். சொந்த ஊரில் படர்கொடி தொட்டபோது பழகிய உடம்பு, கண்டம் தாண்டி வந்தும் அதன் உறவை இனங்கண்டுகொண்டது. கேரளத்தில் சேருமரம் பட்டுத் தடித்தவர் தான்றி மரத்தைச் சுற்றிவந்து வணங்கும் வழக்கம் உண்டு. அவர்களில் பெரும்பாலோருக்குக் குணமாகியும் இருக்கும். இவ்வகைத் தடிப்பு, மீண்டும் சாறு படாமல் பார்த்துக்கொண்டால், இரண்டு மூன்று வாரத்தில் தானாகவே அடங்குவது. இந்த எண்ணெய் பட்டால் பத்து நிமிடத்துக்குள் சோப்புப் போட்டுக் கழுவுவது பெரிய வித்தியாசத்தைத் தரும். ஒரு மணிநேரம் போய்விட்டால் கழுவிப் பயனில்லை, அது தோலோடு இணைந்திருக்கும்.

பார்த்தீனியம் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. ஆனால் சேரானிடமிருந்து விலகிக்கொள்ளலாம், மரம் எங்கே நிற்கிறது என்று தெரியும். பார்த்தீனியம் நம்மிடம் வருகிறது. அதன் தண்டிலும் இலையிலும் பூவிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்முடிகள் இருக்கின்றன. பார்த்தெனின் என்ற வேதிப்பொருள் அவற்றில் நிறைந்திருக்கிறது. செடி காயும்போது முடிகள் உடைந்து தூசாகிக் காற்றில் ஏறும். பச்சைச் செடியைவிடக் காய்ந்து நிற்கும் செடிக்கு நாம் பயப்படுவது குறைவு. தோலுக்கு அந்த வேறுபாடு கிடையாது.

பார்த்தெனின் ஒரு மிகச் சிறிய மூலக்கூறு. நம் தோலின் மேலடுக்கு பெரிய மூலக்கூறுகளை உள்ளே விடாது, இதை விட்டுவிடும். உள்ளே போனதும் அது தோலின் புரதங்களில் கந்தகம் உள்ள இடமாகப் பார்த்து ஒட்டிக்கொள்கிறது. தனியாக இருக்கும்வரை அந்தச் சின்ன மூலக்கூறை உடலின் காவல் அமைப்பு பொருட்படுத்துவதே இல்லை. நம் சொந்தப் புரதத்தோடு ஒட்டியபின் புரதத்தின் சாயல் மாறிவிடுகிறது. மாட்டுப்பொங்கலுக்குக் கொம்பில் புது வண்ணம் பூசிய சொந்த மாட்டைப் பார்த்து, வேற்றூர் மாடு என்று காவலுக்கு நிற்பவர் கம்பை எடுப்பது மாதிரி, தோலின் காவல் அணுக்கள் நம் புரதத்தையே அந்நியம் என்று முடிவுகட்டுகின்றன. லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மானியர் 1868இல், மருத்துவ மாணவராக இருந்தபோது, தோலில் கிளைவிட்ட அணுக்களைக் கண்டு அவற்றை நரம்பணுக்கள் என்று எண்ணினார். நரம்பணுக்கள் அல்ல, தோலில் நுழைந்த அந்நியப் பொருளின் மாதிரியை எடுத்துக்கொண்டு அக்குளிலும் கழுத்திலும் இருக்கும் நிணநீர்க் கணுவுக்கு ஓடுபவை அவை. அங்கே டி அணுக்கள் என்ற வெள்ளை அணுக்கள் அந்த மாதிரியைப் பார்த்துப் பழகுகின்றன, பெருகுகின்றன, காத்திருக்கின்றன.

இப்படிப் பழகியதுதான் உண்மையில் நோய். இது இரத்த நீரில் அல்ல, உயிருள்ள அணுக்களில் குடியிருக்கிறது என்பதை 1942இல் நியூயார்க்கில் இருவர் காட்டினார்கள். ஒருவர் இரத்த வகைகளைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற கார்ல் லாண்ட்ஸ்டைனர். மற்றவர் மெரில் சேஸ். ஒரு வேதிப்பொருளுக்குப் பழகி ஒவ்வாமை கொண்ட கினிப் பன்றியின் அணுக்களை எடுத்து, அந்தப் பொருளையே அறியாத இன்னொரு கினிப் பன்றிக்குள் செலுத்தினார்கள். அதன் தோலும் முதல் தொடுதலிலேயே தடித்தது. ஒரு உயிரின் பழக்கத்தை அணுக்களோடு சேர்த்து இன்னொரு உயிருக்கு மாற்ற முடிந்தது. அறிவியல் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த சோதனைகளில் இது ஒன்று. ஏரியூர் விவசாயியின் முகத்தில் நடப்பது இதுதான்: அவர் பத்து, இருபது ஆண்டு அந்தச் செடிக்கு நடுவே வேலைசெய்திருப்பார், ஒன்றும் ஆகியிருக்காது. ஒரு பருவத்தில் உடம்பு பழகிவிடுகிறது. அதற்குப் பிறகு சிறு தூசி போதும், ஒன்றிரண்டு நாளில் தடிப்பு எழும். "இத்தனை வருசமா தொட்டுக்கிட்டுத்தான் இருக்கேன், இப்ப மட்டும் எப்படி?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். இத்தனை வருடம் தொட்டதால்தான்.

அதன் பிறகு பட்டியல் நீள்கிறது. பார்த்தெனினைப் போன்ற வேதிப்பொருள்கள் அதன் குடும்பத்தைச் சேர்ந்த சாமந்தியிலும், தரிசில் முள்காயோடு நிற்கும் மருளூமத்தையிலும் இருக்கின்றன. பார்த்தீனியத்துக்குப் பழகிய உடம்பு பலநேரம் அவற்றையும் விட்டுவைப்பதில்லை. சாமந்தி பயிரிடும் மாவட்டத்தில் இதன் பொருள் கடுமையானது. பூப்பறிக்கும் வேலையும் கைவிட்டுப் போகலாம். பல ஆண்டு நோயோடு இருந்தவர்களுக்கு வெயிலும் தாங்காமல் போகிறது. அந்த நிலையில் "வெயில் ஒத்துக்கலை" என்பது பாதி உண்மையாகிவிடும்.

இன்னொரு கொடுமையும் உண்டு. நாள்பட்ட தடிப்பில் நெற்றியும் புருவமும் காதுமடலும் கனத்து, முகம் சிங்க முகம்போல மாறிவிடும். தொழுநோயின் ஒரு வகையிலும் முகம் இப்படி ஆகும். பக்கத்து வீட்டார் விலகத் தொடங்குவதற்கு அந்தச் சாயல் போதும். தொழுநோயின் தேமலில் உணர்ச்சி குறையும், அரிப்பு இராது. இதில் அரிப்புத்தான் நோயே. தொழுநோய்க்கும் இன்று முழுமையான மருந்து உண்டு, விலகி நிற்கக் காரணமில்லை. பார்த்தீனியத் தடிப்போ ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டவே ஒட்டாது. குழந்தையைத் தூக்கலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம். இதை ஊரில் உரக்கச் சொல்ல வேண்டும்.

உறுதிசெய்ய ஒட்டுச் சோதனை இருக்கிறது. யாடசோன் என்ற மருத்துவர் 1895இல் அறிமுகப்படுத்தியது, இன்றும் அடிப்படை அதேதான். சந்தேகத்துக்குரிய பொருள்களைச் சிறு சிறு கிண்ணங்களில் வைத்து முதுகில் ஒட்டுவார்கள். இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள், அடுத்த ஓரிரு நாளில் மீண்டும் ஒருமுறை பார்ப்பார்கள். பார்த்தீனியம் வைத்த இடத்தில் மட்டும் சிவந்து தடித்திருந்தால் விடை கிடைத்துவிட்டது. இந்தியாவுக்கென்று வகுத்த சோதனைப் பொருள் வரிசையில் பார்த்தீனியத்துக்குத் தனி இடமே உண்டு. ஏரியூர்க்காரர்களுக்கு அருகிலுள்ள பெரிய மருத்துவமனை 2008இல் தொடங்கிய தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரியினுடையது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, தோல் மருத்துவரிடம் அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். போகும்போது நீங்கள் செய்யும் வேலை, எந்த மாதத்தில் கூடுகிறது, வெளியூர் போனால் குறைகிறதா என்பதைச் சொல்லுங்கள். பாதிச் சோதனை அதிலேயே முடிந்துவிடும்.

மருந்து என்று வந்தால் முதலில் ஒரு கசப்பான உண்மை. உடம்பு பழகியதை மறக்கவைக்கும் மருந்து இன்னும் கிடைக்கவில்லை. கிடைப்பதெல்லாம் அணுக்களின் ஆவேசத்தைத் தணிப்பவை. நீர் கசியும் கட்டத்தில் சுத்தமான துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பதினைந்து நிமிடம் போட்டு எடுப்பது, காய்ந்து வெடித்த கட்டத்தில் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவி ஈரம் காப்பது, இவை வீட்டிலேயே செய்யக்கூடியவை. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வெந்துபோயிருக்கும் தோல் எந்தப் பச்சிலைச் சாற்றையும் தாங்கும் நிலையில் இல்லை. மருத்துவர் ஸ்டீராய்டு களிம்பு தருவார், கடுமையானால் சில நாள் ஸ்டீராய்டு மாத்திரையும் தருவார். ஆண்டுக்கணக்கில் நீடிப்பவர்களுக்கு அசத்தியோபிரின் என்ற மருந்து பயன்படுகிறது என்பதை தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் காட்டியிருக்கிறார்கள். சிறுநீரக மாற்று நோயாளிகளுக்குக் கொடுக்கும் மருந்து அது; வெள்ளை அணுக்களைக் குறைத்துவிடக்கூடும் என்பதால் இடையிடையே இரத்தப் பரிசோதனை கட்டாயம். மருத்துவர் கண்காணிப்பில் எடுத்துக்கொண்டவர்கள் பலர் மீண்டும் வேலைக்குத் திரும்பியிருக்கிறார்கள்.

மருந்துக்கடையில் நேராகக் கேட்டு வாங்கும் களிம்புதான் எனக்குப் பெரிய கவலை. ஸ்டீராய்டு, பூஞ்சைக்கொல்லி, கிருமிக்கொல்லி மூன்றையும் ஒரே குழாயில் அடைத்து விற்கிறார்கள். இரண்டு நாளில் அரிப்பு பறந்துவிடும், மனிதர் நிம்மதியாவார். செடி அங்கேயே நிற்கும், தூசி அப்படியே வரும். மறுபடி தடவுவார். மாதக்கணக்கில் முகத்தில் தடவினால் தோல் மெலிந்து, நரம்புபோல இரத்தக்குழாய்கள் தெரிந்து, நிறுத்தினாலே எரிகிற நிலை வரும். கண் இமையில் தடவிக்கொண்டே போனால் கண்ணுக்குள்ளும் அழுத்தம் கூடலாம். தோல் மருத்துவர் சங்கங்கள் வற்புறுத்தியதன் பேரில் 2018இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாதவற்றில் சேர்த்தது. சட்டம் இருக்கிறது, கடையில் கேட்டால் கிடைக்கவும் செய்கிறது. கேட்காமல் இருப்பது நம் கையில்.

ஆகவே இந்த நோயில் வைத்தியத்தின் பெரும்பகுதி வயலில்தான் நடக்க வேண்டும். தடிப்பு வந்தவர் செடியை விட்டு விலகுவது முதல் வேலை. முழுக்கைச் சட்டை, கழுத்தைச் சுற்றிப் பருத்தித் துண்டு, வேலை முடிந்ததும் குளியல், அன்றைக்கு உடுத்தியதை அன்றைக்கே தனியாகத் துவைப்பது, துவைத்த துணியைச் செடியருகே காயப்போடாமல் இருப்பது, இவையெல்லாம் உதவும். முழுப் பாதுகாப்பு அல்ல. காற்றுக்குச் சட்டை போட முடியாது. செடி குறைந்தால்தான் தூசி குறையும்.

செடியை எடுக்க ஒரு வயது உண்டு. தரையோடு இலை விரித்திருக்கும்போது, மழை பெய்து மண் இளகிய மறுநாள், கையுறை போட்டு வேரோடு பிடுங்கினால் சிரமமில்லாமல் வரும். பூத்தபின் பிடுங்கினால் பிடுங்குகிறவரே விதையை உதிர்த்துவிட்டுப் போகிறார். வேரை விட்டுவிட்டு அரிவாளால் வெட்டினால் அடியிலிருந்து மீண்டும் துளிர்க்கும். பூவாத செடியில் தழைச்சத்து நிறைய உண்டு. சாணக்கரைசல் தெளித்து, மண் போட்டு மூடிய குழியில் அடுக்கி மக்கவைத்தால் நல்ல உரம். பூத்த செடியை அப்படி மக்கவைக்கத் துணிய வேண்டாம். குழி போதிய சூடு ஏறாவிட்டால் உரத்தோடு விதையும் வயலுக்குப் போய்விடும். காய்ந்ததைக் குவித்து எரிப்பது வேண்டாம். புகை அக்கம்பக்கத்தார் முகத்தில்தான் போய்ப் படியும். மாட்டுக்கும் போட முடியாது. வேறு தீனி இல்லாமல் தின்ற மாட்டின் பால் கசக்கும், அதிகம் தின்றால் மாட்டுக்கே நோய் வரும். பயிர் இல்லாத சாலையோரங்களில் லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் சமையலுப்பைக் கரைத்து, இலையில் ஒட்டச் சிறிது சோப்புக் கரைசல் சேர்த்துத் தெளிக்கும் முறையை வேளாண் பல்கலைக்கழகம் சொல்கிறது. விளைநிலத்தில் இதைச் செய்யவே கூடாது, மண் உவர்ந்துபோகும். எடுத்த இடத்தை வெறுமையாக விடுவதும் தவறு. தகரை, கொழிஞ்சி போன்றவற்றின் விதையை மழைக்கு முன்னால் தூவிவிட்டால் அவை முந்திக்கொண்டு இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

நமக்கு ஒரு கூட்டாளியும் இருக்கிறது. மெக்சிகோவில் இச்செடியைத் தின்று வாழும் ஒரு வண்டை, சைகோகிராமா என்பது அதன் பெயர், பெங்களூர் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஜெயந்தும் உடன் பணியாற்றியவர்களும் 1983இல் வரவழைத்தார்கள். வேறு பயிர்களைத் தின்கிறதா என்று சோதித்துவிட்டு 1984இல் வெளியே விட்டார்கள். வெளிறிய முதுகில் பழுப்புக் கோடுகள் ஓடும் சிறு வண்டு. புழுவும் வண்டும் இரண்டுமே இலையைத் தின்னும். சில ஆண்டுகளில் பெங்களூரைச் சுற்றி ஏக்கர் கணக்கில் செடிகள் மொட்டையாகின. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சூரியகாந்தி வயலிலும் வண்டைக் கண்டு விவசாயிகள் கொதித்தார்கள். அரசு குழு அமைத்து ஆராய்ந்தது. பக்கத்துப் பார்த்தீனியத்தின் மகரந்தம் காற்றில் பறந்து சூரியகாந்தி இலையில் படிந்திருந்தபோது, அந்த வாசனைக்கு மயங்கி வண்டு இலையைக் கடித்திருக்கிறது. சூரியகாந்தியை மட்டும் நம்பி அதனால் பெருக முடியவில்லை. பயிருக்குப் பெரிய ஆபத்தில்லை என்று தெரிந்தது. ஒரு செடியின் தூசி மனிதனின் காதுக்குப் பின்னால் தடிப்பாகவும் வண்டின் வாயில் ஏமாற்றமாகவும் முடிகிறது!

வண்டு தன்னந்தனியாக ஊரைக் காப்பாற்றிவிடாது. வறண்ட மாதங்களில் மண்ணுக்குள் போய்த் தூங்கிவிடும், மழை விழுந்தால்தான் எழும். அது பெருகி முடிப்பதற்குள் முதல் மழைக்கு முளைத்த செடிகள் பூத்துவிடும். இடைப்பட்ட அந்தச் சில வாரங்கள் மனிதர் கைக்கு உரியவை. அதுவும் ஒருவர் கையால் ஆகாது. என் வயலை நான் சுத்தமாக வைத்திருந்தாலும் பக்கத்துத் தரிசிலிருந்தும் சாலையோரத்திலிருந்தும் தூசி வரும், விதை வரும். தோல் நோய்களில் ஊர் கூடிச் செய்யும் வைத்தியம் வேண்டுபவை மிகச் சில. இது அவற்றில் ஒன்று.

ஜபல்பூரிலுள்ள மத்தியக் களை ஆராய்ச்சி இயக்ககம் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 16 முதல் 22 வரை பார்த்தீனிய விழிப்புணர்வு வாரம் நடத்துகிறது. ஏரியூருக்கு அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. கோடைமழை பெய்து இரண்டு மூன்று வாரத்தில் செடிகள் தரையோடு கிடக்கும். ஊரக வேலை உறுதித் திட்டத்தில் ஏரிக்கரையையும் சாலையோரத்தையும் அப்போது எடுத்துக்கொண்டால் பெரும் பகுதி பூக்காமலே போகும். ஊராட்சிகள் வேலைக்கு வருகிறவர்களுக்குக் கையுறை வாங்கிக் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே தடிப்பு உள்ளவரை அந்த வேலைக்கு அனுப்பாதீர்கள். சம்பளம் குறைக்காமல் அவருக்கு வேறு வேலை கொடுங்கள்.